வெதுவெதுப்பான தண்ணீர்

நீச்சல் குளங்களில் காவல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன். சந்தோஷமாக எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி மாலை வாங்கிக்கொண்ட கதையெல்லாம் என்னிடம் கிடையாது. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் மாலை போட்டதில்லை.

போன வாரம் உங்களில் ஒருவரைக் குளத்தடியில் பார்த்தேன். விசிலைப் பளபளவென்று துடைத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். தண்ணீர் என்ன சூடு தம்பி என்று கேட்டேன். ஒரு காலை நனைத்துப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு சார், வெதுவெதுன்னு" என்றார். நல்ல பிள்ளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குளிர்ந்த தண்ணீர் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கால் பிடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், பல் கிட்டும். ஆனால் நம் சென்னையில் குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? இங்கே ஆபத்து வேறு மாதிரி வரும். குழந்தைகள் துளையும் தண்ணீர் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வயசானவர்கள் முட்டி வலிக்கு இறங்கி நிற்கிறார்களா, இதமாக இருக்கட்டும். ஆனால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நிற்காமல் ரவுண்டு அடிக்கிறானே, அவன் சமாசாரம் தனி. அவன் உடம்பு இஞ்சின் மாதிரி ஓடுகிறது. அவனுக்குத் தண்ணீர் எண்பது டிகிரி பாரன்ஹீட் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் இறங்கும்போது முதலில் தோளைக் குறுக்குவான், நடுங்குவான், உங்களைத் திட்டுவான். திட்டட்டும். இறங்கின உடனேயே சுகமாக இருக்கிற தண்ணீர் ரவுண்டு அடிக்கிறவனுக்கு ஆகாது.

இதை எனக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. சண்டைக் காலத்தில் நான் அடையாறில் ஒரு கிளப்பின் குளத்தில் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தேன். அப்போது சிப்பாய்களுக்கும் அந்தக் குளத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார சிப்பாய் தினமும் மத்தியானம் வந்து ரவுண்டு அடிப்பான். சித்திரை வெயில், நிழலே விழாத குளம். ஒருநாள் அவன் நடுவில் நின்று, கரையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் குளிர்கிறது என்றான். கையில் மயிர் சிலிர்த்து நின்றது. மேலே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சீமையிலிருந்து வந்தவனுக்கு மெட்ராஸ் வெயிலில் குளிர்கிறதாம் என்று கேலி பேசினார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மறுபடி நீந்தப் போனான். பாதிக் குளத்தில் கையடிப்பதை நிறுத்திவிட்டு, களைப்பாறுகிற மாதிரி குப்புறக் கிடந்தான். களைப்பாறுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

உடனே தூக்கிவிட்டார்கள், ஆனாலும் பிழைக்கவில்லை. அவனைப் புரட்டியபோது உடம்பு அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி கொதித்தது எனக்கு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பட்டாளத்து டாக்டர் ஒருவர் வந்தார், நம் ஊர்க்காரர்தான். பேர் தெரியாது, அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் பார்த்ததில்லை. குளிர்கிறது என்றானே, தண்ணீரில் கிடந்தவனுக்கு உடம்பு எப்படி இப்படிக் கொதிக்கும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்ல மண்பானை கீதா? அது கசியறதாலதான் தண்ணி ஆறுது. அதே பானையக் கழுத்து வரைக்கும் வெந்நீர்த் தொட்டியில இறக்கிட்டா, எங்கப்பா கசியும்? எங்க ஆறும்? ஜொரம் ஏறறப்போ குளுராதா? அப்டித்தான் அவனுக்கும் குளுந்துச்சு" என்றார். பிறகு துணியைப் போர்த்தி உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சண்டை முடிந்தது, சுதந்திரமும் வந்தது. குளத்துக்கு நான் பொறுப்பாளன் ஆனேன். சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். இக்பால் எனக்குப் பழக்கமானது அப்போதுதான்.

அந்த நாளில் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற இயந்திரம் எல்லாம் எங்களிடம் கிடையாது. வாரம் ஒருமுறை குளத்தைக் காலி செய்து, தரையில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கிளப்புக் கிணற்றிலிருந்து புதுத்தண்ணீர் ஏற்றுவோம். தேய்க்க வருகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மெம்பர்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் அந்தப் புதுத்தண்ணீரில் அவர்கள் நீந்திக்கொள்ளலாம். இக்பால் அப்படி வந்தவன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் அவன் மாமாவுக்குக் குடை ரிப்பேர் கடை இருந்தது. அங்கே கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவன், வாரா வாரம் நடந்தே அடையாறு வந்து பாசி தேய்த்துவிட்டு நீந்துவான். என்ன நீச்சல்! சத்தமே இருக்காது. தண்ணீரைத் துணி வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொண்டு போவான்.

அப்போது ஒரு கப்பல் கம்பெனி, விசைப்படகில் உயிர்காப்பாளனாக வைத்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடியது. எங்கள் கிளப்புச் செகரட்டரிக்கு அந்தக் கம்பெனி அதிகாரி சிநேகிதர். எங்கள் குளத்திலேயே சோதனை என்று முடிவாயிற்று. நிற்காமல் ஒரு மைல் நீந்த வேண்டும். நடுவில் யாராவது கை கொடுத்தால், தொட்டால், அதோடு சரி. நான்தான் இக்பாலின் பேரைச் சொன்னேன்.

அவனுக்கு இது வெறும் வேலை இல்லை. அவன் அண்ணன் குடும்பத்தோடு கராச்சிக்குப் போகிறதாக முடிவு செய்திருந்தான். தம்பியும் கூட வரவேண்டும் என்று பிடிவாதம். அவர்கள் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புருஷனை அடக்கம் செய்த மண்ணை விட்டு எங்கே போவேன் என்பது அவள் பேச்சு. தம்பிக்கு இங்கே நிலையான உத்தியோகம் கிடைத்தால் அவன் அம்மாவோடு இருக்கலாம், கிடைக்காவிட்டால் தன்னோடு கிளம்ப வேண்டியதுதான் என்று அண்ணன் கெடு வைத்துவிட்டான். இதையெல்லாம் இக்பால் பாசி தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"எனக்கு இந்த ஊர வுட்டா வேற இன்னா தெரியும் அண்ணாத்தே? அம்மாவ யாரு பாப்பா?" என்றான்.

சோதனை கத்திரி வெயிலில் வந்தது. முந்தின நாளே குளத்தைக் காலி செய்து புதுத்தண்ணீர் ஏற்றிவிடுகிறேன் என்று செகரட்டரியிடம் கேட்டேன். அவர் மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு போன மயிலாப்பூர்க்காரர். தங்கமான மனுஷர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அவருக்குப் பச்சைத் தண்ணீர் என்றாலே பயம்.

"என்ன ஓய், நன்னாருக்கே! பரீட்சைக்குப் போற பிள்ளையைக் கொண்டுபோய்ப் பச்சை ஜலத்துல எறக்குவாளோ? மார்ல சளி கட்டிண்டுடும். வெயில்ல காஞ்ச ஜலம் உடம்புக்கு எவ்வளவு இதம்! நாலு நாள் காஞ்சது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நம்மில் யார் வீட்டில்தான் இந்தப் பேச்சு இல்லை? பிள்ளைக்கு ஜலதோஷம் என்றால் அண்டாத் தண்ணீரை வெயிலில் வைத்து ஊற்றுகிறோம். அதே அன்பைத்தான் அவர் ஒரு மைல் நீந்தப் போகிறவனுக்கும் காட்டினார். அது கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நல்ல எண்ணத்தோடு மல்லுக்கட்டுவது கஷ்டம் தம்பிகளே.

விடிகாலையில் வைத்திருந்த சோதனை, அதிகாரிக்குத் துறைமுகத்தில் வேலை வந்ததால் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. மரப்பெட்டியில் இருந்த தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கினேன். தொண்ணூற்று மூன்று காட்டியது. ஐஸ் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு வண்டி ஐஸ் வாங்கிக் கொட்டினேன். கடகடவென்று கரைந்து போயிற்று. தெர்மாமீட்டர் அசையவில்லை.

இக்பால் வந்தான். அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, தலைவாரி, பண்டிகைக்குப் போகிற மாதிரி வந்திருந்தான். அவனைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னேன்.

"இன்னைக்கு வாணாம்பா. தண்ணி சரியில்ல. காய்ச்சல்னு சொல்லிடு, நான் வேற நாள் கேட்டு வாங்கித் தரேன்."

"இன்னைக்கு இல்லன்னா என்னிக்கும் இல்ல அண்ணாத்தே. அண்ணன் டிக்கெட்டு எடுத்துக்கினு வந்துட்டான்." பிறகு தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தான். "இன்னா பயப்புட்றே? எவ்ளோ சொகமா கீது பாரு."

அவன் அதுவரை எங்கள் குளத்தில் நீந்தியதெல்லாம் புதுத்தண்ணீரில்தான். பாசி தேய்த்தவனுக்குக் கிடைத்த குளிர்ந்த, விடியற்காலைத் தண்ணீர். அவன் வேகம் முழுக்க அந்தத் தண்ணீரில் பழகிய வேகம். வெயிலில் நாலு நாள் காய்ந்த தண்ணீரில் அவன் ஒரு ரவுண்டு கூட அடித்ததில்லை. மெல்லப் போ, பாதி வேகத்தில் போ என்று சொன்னேன். சரி என்றான். வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை மெல்லப் போவான்?

முதல் பாதி பார்க்கப் பிரமாதமாக இருந்தது. செகரட்டரி கைதட்டினார். அதிகாரி சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், நன்றாகப் போகிறவனைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். திணறுகிறவன் தானே நின்றுவிடுவான். நான் கரையோடு கரையாக அவன்கூடவே நடந்தேன். பாதிக்கு மேல் அவன் கை தண்ணீரில் விழுகிற இடம் மாறிற்று. நேராக வந்துகொண்டிருந்தவன் கோணலாக வந்தான். கரையைத் தொட்டுத் திரும்புகிறவன், ஒருமுறை கரை எட்டாமலேயே வெறும் தண்ணீரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். செக்கச் செவேலென்று இருந்த முகம் வெளுக்க ஆரம்பித்தது.

திரும்புகிற இடத்தில் குனிந்து, "இன்னாப்பா, எப்டி கீது?" என்று கேட்டேன்.

நின்றான். கரையைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான், யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிற சிரிப்பு.

"குளுருது" என்றான். "ரொம்பக் குளுருது. போத்திக்க இன்னாச்சும் குடேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கையடிக்கத் தொடங்கினான்.

எனக்குப் பின்னால் செகரட்டரி உற்சாகமாகச் சத்தம் போட்டார். "கேட்டீரா ஓய்! அவனே குளிர்றதுங்கறான். ஜலம் சுடறது சுடறதுன்னு கார்த்தாலேர்ந்து பிராணனை வாங்கினீரே!"

தம்பிகளே, அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், எழுத வரமாட்டேன் என்கிறது. மைலில் கொஞ்சம்தான் பாக்கி. அவன் கையடித்துக்கொண்டுதான் இருக்கிறான், முங்கவில்லை, கூப்பிடவில்லை. கரையில் நிற்கிற அத்தனை பேரும் அவன் ஜெயித்துவிட்டான் என்கிறார்கள். நான் தொட்டால் அவனுக்கு வேலை போச்சு, ஊர் போச்சு, அம்மா போச்சு. தொடாவிட்டால், அவனே போனாலும் போவான். அவன் முங்குகிற வரை காத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். முங்கினவனை உடனே தூக்கியும் பிரயோஜனமில்லாமல் போனதை நான் ஒருமுறை பார்த்திருந்தேன்.

விசில் ஊதினேன். அவனுக்குக் காதில் விழவில்லை. சட்டை தொப்பியோடு குதித்தேன்.

பிடித்ததும் திமிறினான். உருதுவில் ஏதோ சொல்லி என் முகத்தில் அறைந்தான். உடம்பு அனலாகச் சுட்டது. இழுத்து வந்து புங்கமர நிழலில் போட்டு, சாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் போர்த்தினோம். வாந்தி எடுத்தான், பிதற்றினான். அதிகாரி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். நான் சொட்டச் சொட்ட அவர் பின்னாலேயே ஓடினேன். புதுத்தண்ணீர் நிரப்பித் தருகிறேன், நாளைக்கே இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். கடலையும் காலி செய்து புதுத்தண்ணீர் நிரப்பித் தருவாயா என்று கேட்டார். கடல் இந்தக் குளத்தைவிடக் குளிர்ச்சி ஐயா என்றேன். கார் கிளம்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் இக்பால் தெளிந்து எழுந்து உட்கார்ந்தான். மோர் குடித்தான். அவன் நன்றாகத் தெளிந்ததுதான் எனக்கு வினையாயிற்று. ஒன்றுமே இல்லாத பிள்ளையை இழுத்துப் போட்டு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். செகரட்டரி அதற்குப் பிறகு மாசக்கணக்கில் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

"குளுருதுன்னு சொன்னியேப்பா" என்றேன் இக்பாலிடம்.

"நானா? நான் எங்க சொன்னேன்?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை. "இன்னும் கொஞ்சந்தானே அண்ணாத்தே இருந்துச்சு. வுட்டிருந்தீன்னா முடிச்சிருப்பேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அடையாற்றுப் பாலத்துப் பக்கமாக நடந்து போனான். அந்த வாரமே அண்ணனோடு பம்பாய்க்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் போய்விட்டான். பாசி தேய்க்க வேறு ஆள் வந்தான்.

வெயில் தணியாத ஒரு மத்தியானம், மெம்பர்கள் யாரும் இல்லாத நேரத்தில், புர்க்கா போட்ட ஒரு அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றாள். இக்பாலின் அம்மா என்றாள். கச்சேரி ரோட்டிலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருந்தாள். உள்ளே அழைத்தேன். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"எந்தத் தண்ணிப்பா?" என்று கேட்டாள்.

காட்டினேன். ஓரத்தில் உட்கார்ந்து முகத்திரையைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தாள்.

"இதமாத்தானே கீது" என்றாள். "இதுல எம்புள்ளைக்கு இன்னா ஆயிருக்கும்ன்றே?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் போனதைச் சொன்னேன், குளிர்கிறது என்று அவன் சொன்னதைச் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள்.

"நீ புடிக்கலன்னா?"

"செத்துருக்கலாம்மா."

"லாமா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ சாவாமயும் இருந்துருக்கலாம் இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். நிச்சயம் செத்திருப்பான் என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"உசுரோட கீறான்னு எல்லாரும் சொல்றாங்க. அல்லா காப்பாத்தட்டும். ஆனா எங்க கீறான்? என் கண்ணுக்கு இல்லியே" என்றாள். பிறகு கையை உதறிவிட்டு எழுந்தாள். கேட்டு வரை நான் கூடவே போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே எவனாச்சும் இந்தத் தண்ணியில குளுருதுன்னு சொன்னா, மறுபடி இழுப்பியா?"

"இழுப்பேம்மா."

"இழு. நான் வாணான்னு சொல்லல" என்றாள். "ஆனா அவன் அம்மாவ மொதல்ல கூப்ட்டுப் பக்கத்துல வச்சிக்கோ. அவ கண்ணால பாக்கட்டும். பாத்துட்டா இப்டி வந்து உன்னாண்ட நின்னுகினு கேக்க மாட்டா."

அதற்குப் பிறகு நான் வேலையை விட்டு இறங்கும் வரை எத்தனையோ பேரை விசில் ஊதியும் குதித்தும் நிறுத்தியிருக்கிறேன். எல்லோரும் தெளிந்து எழுந்து, ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டாய் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனவர்கள்தான். நீங்களும் நிறுத்துங்கள், திட்டு வாங்குங்கள். இன்றுவரை ஒருவனுடைய அம்மாவும் கரையில் நின்று பார்த்ததில்லை.